ஏரி நடுவில் நின்ற மாப்பிள்ளை அழைப்பு

அவையோரே, சொல்லிவந்ததை இந்த இடத்தில் சற்றே நிறுத்திக்கொண்டு, உங்கள் அனுமதியோடு ஒரு சின்னக் கதைக்குள் போய்வருகிறேன். தொலைதூரத்துக் கதையன்று. நம்மைப் போலவே அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை ஊரில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதை.

குலசேகரன் என்றொருவர். அவரிடம் ஒரு விசைப்படகு. பால்வெள்ளை நிறம்; உள்ளே படுக்கையறை, சமையலறை எல்லாம் உண்டு. இந்த நாட்டில் பெரும்பாலோர் படகை மாநில அரசிடம் பதிவார்கள். மாநிலம் தரும் எண்ணைப் படகின் முன்புறம் கொட்டை எழுத்தில் ஒட்ட வேண்டும். படகு போதிய அளவு பெரிதாக இருந்தால், நடுவண் அரசிடமும் பதியலாம். அப்போது முன்புறம் எண் வேண்டாம். பின்புறம் படகின் பெயரும் ஊரும் இருந்தால் போதும்.

குலசேகரன் நடுவண் அரசிடம் பதிந்தார். ஆனால்... அவர் வாழ்ந்த மாநிலத்தில், அப்படிப்பட்ட படகும் மாநிலத்தில் பதிந்து, உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியாக வேண்டும். சான்றிதழ் தலைநகரத்தினுடையது, தண்ணீர் மாநிலத்தினுடையது. இது அவருக்குத் தெரியாதா? தெரியும். பதிந்தார். ஸ்டிக்கரும் வந்தது. வந்த அன்று அவருடைய அக்காள் கணவர் ஞானவேல் அங்கேதான் இருந்தார். ஒட்டவில்லையா என்று கேட்டார்.

"வெள்ளை வேட்டியில குழம்பு சிந்துன மாதிரி இருக்கும் அத்தான். நமக்கு நேரா வாஷிங்டன்தான்" என்று சொல்லி, அதை மேசை இழுப்பறைக்குள் போட்டார் குலசேகரன்.

ஞானவேலிடமும் ஒரு படகு உண்டு. மீன் பிடிக்கிற பழைய அலுமினியப் படகு. முன்புறத்தில் இவ்வளவு பெரிய மாநில எண். அதைப் பார்க்கும்போதெல்லாம் குலசேகரனுக்குச் சிரிப்பு. "என்னத்தான், டவுன் பஸ் கிளம்பிருச்சா?" என்பார். ஞானவேலும் விடமாட்டார். "காணாமப் போனா நம்பரைப் பார்த்து என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டுருவான் மச்சான். உன்னை வாஷிங்டன்லயில்ல தேடணும்."

ஞானவேலின் மகன் நிலவனுக்குத் திருமணம் கூடியது. மண்டபம் ஏரிக்கு அக்கரையில். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் எதற்கு, என் மருமகனை என் படகில் நான் கொண்டுவந்து இறக்குவேன் என்றார் தாய்மாமன். மறுக்க முடியுமா? அக்காள் தனலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பியின் வாயால் வந்த சொல் அல்லவா அது.

அந்த மாலை... பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, கழுத்தில் மாலை, ஒலிபெருக்கியில் நாதசுரம். அக்கரையில் ஆரத்தித் தட்டோடு பெண்வீட்டார். படகு ஏரியின் நடுவை எட்டியது. நீர்க்காவல் படகு குறுக்கே வந்து நின்றது.

அதிகாரி ஓர் இளம்பெண். படகின் பதிவுச் சான்றை மரியாதையாகத்தான் கேட்டார். குலசேகரன் கண்ணாடிச் சட்டம் போட்ட நடுவண் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இது யாருடைய படகு, எந்த நாட்டுப் படகு என்று சொல்கிறது. எங்கள் ஏரியில் ஓட்டுவதற்கு எங்கள் ஸ்டிக்கர் எங்கே?"

நாதசுரம் மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டான்: "மாமா, அது நமக்கு வரவே இல்லையா?"

குலசேகரன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வரலப்பா. ஆபீஸ்ல அனுப்பல."

பின்னாலேயே அலுமினியப் படகில் மனைவியோடு வந்துகொண்டிருந்த ஞானவேல், படகை அணைத்து நிறுத்தினார். மச்சான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஸ்டிக்கர் எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதுமே? அத்தனை கிண்டலுக்கும் சேர்த்து வட்டியோடு திருப்பித் தரலாமே? அவர் தரவில்லை. அதிகாரியிடம், மாப்பிள்ளையைத் தம் படகில் ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்டார். வெள்ளைப் படகைத் துறைக்குத் திருப்பிக்கொண்டு போக, கூடவே வந்திருந்த குலசேகரனின் மகள் இருந்தாள். நிலவன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீன் படகுக்குள் இறங்கினான்.

குலசேகரன் இறங்கவில்லை. நின்றார். ஞானவேல் கையை நீட்டினார்.

"வா மச்சான். தாய்மாமன் கையைப் பிடிக்காம மாப்பிள்ளை எப்படிக் கரையேறுவான்? மீன் வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்க."

அந்தக் கையைப் பிடித்துத்தான் அவர் இறங்கினார். டவுன் பஸ் என்று அவர் சிரித்த படகு, அந்தப் பெரிய எண்ணோடு, மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு போனது. அவமானம் என்பது நான்கு பேர் பார்த்தது அன்று, அவையோரே. தம்மைக் காட்டிக்கொடுத்திருக்கக் கூடியவர் காட்டிக்கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே... அது.

பாதி வழியில் தனலட்சுமி, ஆபீஸ்காரர்கள் இப்படியா அலட்சியமாக இருப்பார்கள், தம்பியைத் தலைகுனிய வைத்துவிட்டார்களே என்று பொருமினாள். குலசேகரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வந்துச்சுக்கா. நான்தான் ஒட்டல."

கதை இவ்வளவுதான்.

இப்போது உங்களைப் பார்த்துக் கேட்கிறேன். பெரிய இடத்துச் சான்றிதழ் கையில் இருந்தால், நாம் நிற்கிற தண்ணீருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடலாமா? உலகத் தமிழர் என்று நாம் பின்புறத்தில் பெரிதாக எழுதிக்கொள்கிறோம். எழுதுவோம், தவறில்லை. ஆனால் போன மாதம், இதே ஊர் மருத்துவமனையில், ஆங்கிலம் அறியாத ஒரு முதியவர் தம் வலியைச் சொல்லத் தமிழ் தெரிந்த ஒரு துணை வேண்டும் என்று கேட்டிருந்தார். நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தி வந்தது. நாம் யாரும் போகவில்லை. தமிழ் அறியாத ஒரு செவிலி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சைகையால் பேசியிருக்கிறார்.

அந்தக் குடும்பம் இன்று இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது. நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞானவேலைப் போலவே...

செய்தி வரவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடலாமா?

வந்தது, அவையோரே. நாம்தான் போகவில்லை.