பழைய படம் இல்லாமல் கத்தி எடுக்க மாட்டேன்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, நிர்வாகி அவர்களே, முன்வரிசையில் துக்கத்தோடு அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவரே, மகளே, அவரால் நோயறிந்து பிழைத்து, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சக மருத்துவர்களே, செவிலியர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மெதுவாகப் பேச வராது. அறுவை அரங்கிலேயே கத்துகிறவன் என்று பெயரெடுத்தவன். இன்று துக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஸ்கேன் பிரிவின் தலைவர், படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதில் ஈடு இணையில்லாத நம் டாக்டரம்மா போய்விட்டார். அவருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் என்ன? 'பழைய படம்'! எந்த ஸ்கேனைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: "பழைய படம் எங்க?" முன்பு எடுத்த ஸ்கேனைப் பக்கத்தில் வைக்காமல் ஒரு வரி எழுத மாட்டார். வெளியூரில் எடுத்தது என்றால் அங்கேயே போன் போட்டு வாங்குவார். வீட்டில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்றால், "அப்ப போய்க் கட்டிலைத் தூக்குங்க" என்பார். எத்தனை பேர் அவரை முணுமுணுத்துத் திட்டியிருப்போம்! நான் எத்தனை முறை கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்திருப்பேன்!

இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறாரே பேருந்து ஓட்டுநர், அவருக்கு மூளையில் கட்டி. அறுத்து எடுத்தோம், கதிர்வீச்சு கொடுத்தோம். அடுத்த ஆண்டு தலைவலி என்று திரும்பி வந்தார். வெளியே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். கூடவே ஒற்றை வரி அறிக்கை: கட்டி திரும்பிவிட்டது! அவர் மனைவி என் அறையில் உட்கார்ந்து அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. வளையம் இருந்தது மூளையில் பேச்சை நடத்தும் பகுதி. அறுத்தால் பேச்சு போகும், விட்டால் ஆளே போய்விடுவார் என்ற நிலை. அறுவைக்கு நாள் குறித்தாயிற்று.

டாக்டரம்மா என்ன செய்தார்? பழைய படங்களை வரிசையாக வைத்தார். கதிர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று கதிர்வீச்சுக்கு முன்னால் குறித்த திட்டப் படத்தையும் வரவழைத்தார்.

"தம்பி, இங்க பாருங்க. கதிர் எங்க அதிகமா விழுந்துச்சோ, அங்கயேதான் இந்த வெள்ளை உக்காந்திருக்கு. ரத்த ஓட்டம் தெரியற மாதிரி இன்னொரு படம் எடுங்க. கட்டின்னா ரத்தத்தை உறிஞ்சும். இது செத்துப்போன திசுன்னு எனக்குத் தோணுது."

"தோணுதுன்னா எப்படி அக்கா? தப்பாப் போயிட்டா?"

"தப்பாப் போனா வந்து எங்கிட்ட சண்டை போடுங்க. இப்ப கத்தியைக் கீழ வைங்க!"

அவர் சொன்னபடியே எடுத்துப் பார்த்தோம், அந்த வளையத்தில் ரத்த ஓட்டமே குறைவு. கதிர்வீச்சு உண்டாக்கிய காயத்தைத்தான் கட்டி என்று எழுதிவிட்டிருந்தார்கள். வீக்கம் குறைய மருந்து கொடுத்தோம். மறுபடி மறுபடி படமெடுத்துப் பார்த்தோம். வளையம் சுருங்கிற்று. இன்று இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில், பின்னால் ஹாரன் அடித்தவனோடு நம் ஓட்டுநர் சண்டை போட்டுவிட்டு வந்தாராம். போடட்டும்! அந்த வாய் அவருக்கு இருக்கிறதே, அது போதும் எனக்கு.

தனக்கு வந்த நோயையும் டாக்டரம்மா இப்படித்தான் படித்தார். அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்ததும், சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியதும் உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் ஒரு நிழல். "கதிர்வீச்சுத் தழும்புதான் அக்கா" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஆசைதான், வேறென்ன? அவர் தன் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"தழும்புன்னா சுருங்கணும். இது வளர்ந்திருக்கு. கதிர் போன பாதைக்கு வெளியவும் இருக்கு. எனக்குன்னு வேற மாதிரி படிக்காதீங்க."

சதையை எடுத்துச் சோதித்தபோது அவர் சொன்னதே சரியாயிற்று. அதன் பிறகும், எழுந்து நடக்க முடிந்தவரை, நாம் கூடிப் படம் பார்க்கும் அறைக்கு வந்து மற்றவர்களின் படங்களைப் படித்தார். ஐயோ, அந்த அம்மாளை இனி எங்கே போய்த் தேடுவேன்!

இப்போது கேளுங்கள். அடுத்த வாரம் முதல் நம் ஸ்கேன்களை வெளி நிறுவனம் ஒன்று படிக்குமாம். வேகமாகப் படிக்குமாம். பழைய படங்களையும் அனுப்புவீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவைப்படாது டாக்டர், புதுப் படமே தெளிவா இருக்கும்" என்றார் நிர்வாகி அவர்கள். இதோ மேடையில்தான் இருக்கிறார், இல்லையென்றால் மறுக்கட்டும்! வாரந்தோறும் நாம் கூடிப் படம் பார்த்த அறை, பார்வையாளர் ஓய்வறை ஆகப்போகிறதாம். அதன் வாசலில் டாக்டரம்மாவின் புகைப்படத்தை மாட்டுவார்களாம். அடடா, என்ன தாராள மனசு!

ஐயா, அந்த ஓட்டுநரின் படமும் தெளிவாகத்தான் இருந்தது! தெளிவான படத்தைப் பார்த்துத்தானே தவறாக எழுதினார்கள்? வெளியே படிப்பவர்களும் மருத்துவர்கள்தான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. முன்னால் என்ன இருந்தது என்று காட்டாமல் கேட்டால் அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்?

ஆகவே இந்தச் சபையறியச் சொல்கிறேன். பழைய படத்தோடு ஒப்பிடாத அறிக்கையை நம்பி நான் எவர் உடம்பிலும் கத்தி வைக்க மாட்டேன். வேலையைவிட்டு நீக்குவதென்றால் நீக்குங்கள். நாளைக் காலை அந்த அறையில் வழக்கம்போல் உட்காருவோம். பூட்டிவிட்டால் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருவோம். காத்திருக்கும் நோயாளிகளை அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

இந்த இடத்தில் மௌன அஞ்சலி செய்யச் சொல்வது வழக்கம். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தவர் இல்லை, நாமும் இருக்க வேண்டாம். நாளை அந்த அறைக்கு வருகிற மருத்துவர்கள் மட்டும் இப்போது எழுந்து நில்லுங்கள். வர முடியாதவர்கள் உட்கார்ந்தே இருங்கள், உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

நிர்வாகி அவர்களே, தலையைக் குனியாமல் சபையைப் பாருங்கள், எண்ணிக்கொள்ளுங்கள். நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன். என்னிலிருந்து தொடங்குங்கள்!