துடைத்த மேடையில் இரண்டு எறும்புகள்

— துடைச்சிட்டீங்களா அத்தை? மேடை முழுக்கவா?

— சோப்புத் தண்ணி போட்டு, பளபளன்னு. சமையல் மேடைன்னா துடைக்கத்தானே செய்வாங்க, அம்மாடி?

— ஒரு மாசமா நான் பார்த்துட்டிருந்த எறும்புப் பாதை அது! வாசனையாலேயே போட்ட பாதை! நாளைக்குப் பல்கலைக்கழகக் குழு முன்னால முடிவு சொல்லலைன்னா என் ஆராய்ச்சி இடம் போச்சு. 'இனி வீட்டோட இரு'ன்னு உங்க பிள்ளை கை தட்டுவார்.

— கத்தாதே. காலையிலேர்ந்து ஒரு கேள்வி என் மண்டையைக் குடையுது. துடைச்சதும் சிற்றெறும்பும் திணறுச்சு, கட்டெறும்பும் திணறுச்சு. ரெண்டும் வேற சாதிதானே?

— இனம்னு சொல்லுங்க. சாதி மனுஷன் கண்டுபிடிச்சது. அந்தப் பழியை எறும்பு மேல போடாதீங்க. அப்புறம் என்ன ஆச்சு?

— அடுப்புல வச்சது தீஞ்சே போச்சு, நான் நகரலையே! சிற்றெறும்புதான் முதல்ல சமாளிச்சுது. அதுங்க வர்ற ஜன்னலுக்கு நேரா நீ வச்ச பாகுக் கிண்ணம். அந்த நேர் வழியை விட்டுட்டு, அடுப்பைச் சுத்தி, மிக்சிக்குப் பின்னால போய், ஊரையே சுத்திக் கிண்ணத்துக்கு ஒரு வழி போட்டுச்சு.

— கட்டெறும்பு? சீக்கிரம் சொல்லுங்க!

— நேர் வழி திறந்து கிடக்கு. ஆனா அந்தத் தடியனுங்க வரிசையா அதே கோணல் வழியிலதான் வந்தானுங்க. ஏன்டியம்மா?

— அத்தை! இதுதான் நான் தேடின முடிவு! சிற்றெறும்பு தன் கூட்டத்துக்குன்னு வச்ச வாசனையைக் கட்டெறும்பு மோப்பம் பிடிச்சு வருது. இத்தனை நாளும் ரெண்டும் நேர்கோட்டுல போனதால, யார் பின்னால யாருன்னு சொல்லவே முடியலை. எதிரெதிரே வந்தா சண்டை போட்டுச்சா?

— மூஞ்சியை முகர்ந்துச்சு. பெரியவன் ஒதுங்கி வழி விட்டான்.

— 'அவன்' இல்லை அத்தை. இரை தேடி வெளியே வர்றதெல்லாம் பெண்ணுங்கதான்.

— அடப்பாவமே! காலையிலேர்ந்து 'தடியா, தடியா'ன்னு பொம்பளைங்களையா திட்டினேன்?

— பெண் வெளியே போனா குடி முழுகிடும்னு எந்தப் புத்துலயும் சட்டம் இல்லை! போட்ட வழியில நடக்கிறவ, வழி போட்டவளுக்கு ஒதுங்கி நிக்கிறா. அந்த நியாயம் இந்த வீட்டுக்கு என்னைக்கு வரும்?

— மேடைப் பேச்சை நாளைக்குப் பேசு. இப்போ என்ன செய்யணும்?

— இன்னும் நாலு தடவை துடைச்சு, நடக்கிறதைப் படம் எடுக்கணும். நல்லவேளை, தெரியாம துடைச்சீங்க!

— தெரியாமலா? உன் புருஷன்தான் சோப்பைக் கையில கொடுத்து, 'அழிச்சிடும்மா, நாளைக்கு இவ எப்படிப் போறான்னு பார்க்கலாம்'னான். நானும் சரின்னுதான் அழிச்சேன். கொண்டா அந்தத் துணியை, இந்தத் தடவை நானே தெரிஞ்சுக்கணும்னு துடைக்கிறேன்.