வார்டு திறக்கும் நேரத்துப் பஸ்

இரத்தினபுரியிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் மடியில் காலிச் சோற்றுக் கேரியர்.

“புருசன் மொகத்தைவிட இந்த பஸ் ஸ்டாண்டைத்தான் கூடப் பாக்குறேன்” என்றாள் அவள்.

“மத்தியானம் ஆஸ்பத்திரிக்குள்ள விடுறாங்களேக்கா?” என்றாள் இளையவள்.

“கொழுந்து நெறுத்து முடிச்சு ரோட்டுக்கு எறங்கி வாறதுக்குள்ள கேட்டைப் பூட்டிருவாங்க. நெறுக்காம வந்தா அரைநாள் சம்பளத்துக்குக்கூடப் பேரு போடமாட்டாங்க. மறுபடி அந்தியில தொறக்கையில நம்ம பஸ் கெளம்பிரும். சோத்தை மட்டும் கேட்டுல குடுத்துட்டு வாறேன்.”

“அப்ப அவரைப் பாக்குறதே இல்லையா?”

“பஸ் போகையில மேல் ஜன்னல்ல வந்து நிப்பாரு. கை காட்டுவேன்.”

பஸ் ஆஸ்பத்திரியை நெருங்கியது. கேட் அப்போதுதான் திறந்திருந்தது. டவுன் ஆட்கள் பைகளோடு ஆற அமர உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி குனிந்து மேலே பார்த்தாள்.

“நிக்கிறாராக்கா?”

பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

“இல்ல. இன்னிக்கு எப்பிடியும் உள்ள வந்துருவேன்னு காலையில போன்ல சொல்லிட்டேன். கட்டில்லயே காத்துக்கிட்டு இருப்பாரு.”