மச்சான் பிடிக்கிற கயிறு

இல்ல சம்மாட்டியாரே, கூலி பத்தலன்னு நான் வரல. தோணி ஒங்களுது, நீங்க சொன்னாத்தான் நடக்கும். நாளைக்கு எங்க மச்சான் கயித்த வேற ஆளு புடிக்கட்டும், அம்புட்டுதான் கேக்கேன். என்னையத் தோணி அடி சொரண்டச் சொல்லுங்க, செய்யுதேன்.

தெரியும், தெரியும். சங்கு குளிக்கக் கடலுக்குள்ள முங்குறவனுக்குப் பொண்டாட்டி கூடப் பெறந்தவன்தான் கயிறு புடிக்கணும். தங்கச்சி தாலிய அறுக்க எவனுக்கும் மனசு வராது, அதான வழக்கம்? நானும் எந்தங்கச்சி கித்தேரிய உசுரா வச்சிருக்கவன்தான்.

மனத்தாங்கலா? சேச்சே. விக்டர் மச்சான் தங்கமான மனுசன். என்னைய நம்பித்தான கடலுக்கடியில போயி சங்கு பொறுக்குதாரு.

கையி நல்லாத்தான் இருக்கு. இந்தா, பாருங்க.

செத்துப்போன எங்க அப்பாவ ஒங்களுக்குத் தெரியும்லா? காதுக்குள்ள யாரோ பேசுதாக, பேசுதாகன்னே திரிஞ்சாரு. அந்தோணியார் கோயில்ல சங்கிலி போட்டுக் கட்டி வச்சாகள்லா, நாந்தான் தெனமும் கஞ்சி கொண்டு போவேன். தம்பி இனிகோவ அத்த அப்பவே கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அவனுக்கும் அதே ரத்தந்தான? அங்கன கட வச்சுக்கிட்டு, வெத்தலயப் போட்டுக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு இருக்கான். அவனுக்கு ஒண்ணும் வரல.

நான் இங்கனயே கெடந்தேன். உலகச் சண்டக் காலத்துல அரிசி கெடையாது. பொறவு காலராவுல எம்புள்ள... விடுங்க. அதுலருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. ஆஸ்பத்திரி டாக்டரம்மாட்டயும் கேட்டுப்பாத்தேன். ரத்தத்துல இருந்தாலும் எல்லாருக்கும் வராதுப்பா, பட்டினி, சாவு, தூக்கமில்லாம கெடக்கது எல்லாம் சேந்தாத்தான் தல தூக்கும்னா. எனக்கு எல்லாந்தான் சேந்துட்டே, நான் எங்க போவ?

குடிச்சிருக்கேனா? வேணும்னா வாய ஊதிக் காட்டுதேன்.

மச்சான்ட்ட எப்பிடிச் சொல்ல? அவருட்டச் சொன்னா கித்தேரிக்குத் தெரிஞ்சிரும். அவ மாசமா இருக்கா. அப்பா சங்கிலியோட கெடந்தத அவளும் பாத்தவதான. பெறக்கப்போற பிள்ளைய அவ பயந்து பயந்துல்லா பாப்பா? அது வேண்டாம்.

போவச் சொல்லாதிய. ஒங்க காலப் புடிக்கேன். சரி, சொல்லிருதேன். நேத்து மச்சான், மேல இழுன்னு கீழருந்து கயித்த அசைச்சாரு. இழுக்காதலேன்னு அப்பா கொரலு கேட்டுது. கோவமால்லாம் இல்ல, பாசமாத்தான் சொன்னாரு. எங்கையி அப்பிடியே நின்னுட்டு. பக்கத்துத் தோணிக்காரன், கயிறு ஆடுதுலேன்னு கத்துனான், பொறவுதான் இழுத்தேன். மச்சான் மொகம் நீலம் பாரிச்சு மேல வந்தாரு. கயிறு சிக்கிட்டுன்னேன். நம்பிட்டாரு. வீட்டுக்குப் போம்போது தோளத் தட்டி, நாளைக்கும் நீதாம்ல புடிக்கணும்னுட்டுப் போறாரு.