ஊருணிக்கரை ஓட்டம்

காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் தேவகோட்டை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் மற்றவருக்கு மச்சினன் என்று பேச்சில் தெரிந்தது. ராணுவப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிற பையனை லீவு முடிந்து ரயில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மூத்தவர்தான் தகப்பன்.

“நான் குடிச்சதுக்கு அவன் ஓடுனான் மாப்பிள” என்றார் அவர்.

“என்ன சொல்றீக மச்சான்?”

“ஞாயித்துக்கெழம விடிய ஊருணியச் சுத்தி ஓடுறான். முதுகுப் பையில செங்கல். தண்ணி எடுக்க வந்த சனமெல்லாம் நின்னு பாக்குது. எதுக்குடான்னு கேட்டேன். ‘எங்க ரூம்ல ஒருத்தன் தப்புப் பண்ணா எல்லாரும் ஓடணும்ப்பா. ராத்திரி நீங்க குடிச்சுட்டு வந்தீகள்ல’ங்கிறான்.”

“கோவமாச் சொன்னானா?”

“இல்ல. பல்லு வெளக்கிட்டு வாரேங்கிற மாதிரி சொல்றான்.”

“அப்ப நீங்களும் கூட ஓடியிருக்கணும்” என்று மச்சினன் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மச்சினனே கேட்டார்.

“ஏன் மச்சான், ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம வெளியவே நின்னுட்டீக? வண்டி கெளம்புற வரைக்கும் மருமகன் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான்.”

தகப்பன் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள்ளேயிருந்து சொன்னார்.

“காலையிலயும் கொஞ்சம் போட்டுட்டேன் மாப்பிள. கிட்ட வந்தா வாடை தெரிஞ்சுரும். அங்க போயும் ஓடுவான்.”