பட்டியல் அக்காவும் அறுநூற்றுப் பதினோராம் பெயரும்

பெயர்ப் பட்டியலின் பெருங்காவலரே! கதவு தட்டிக் கதவு தட்டிக் கைவிரல் காய்த்த கடமைச் செம்மலே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் தேர்தல் அலுவலகத்தின் மூலை அறையில், மை வற்றிய முத்திரைக்கும் மூடி தொலைந்த பேனாவுக்கும் நடுவே முகம் சுளிக்காமல் வீற்றிருந்து, வாக்காளர் விழிப்புணர்வுப் பிரிவை வளர்த்தெடுத்த வற்றாத ஊற்றே! எங்கள் பட்டியல் அக்காவே, வணக்கம்.

இதற்கு மேல் அடுக்குமொழி வந்தால் எழுந்து போய்த் தேநீர் எல்லோருக்கும் கிடைத்ததா என்று பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் உங்களுக்கு ஆகாது. ஆகவே 'நீங்கள்' என்பதை இங்கேயே நிறுத்தி, 'அக்கா' என்று வேறு யாரையோ சொல்வதுபோல் சொல்லப்போகிறோம். பேசாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். இந்த மடலில் ஒரு தவறும் வரும். பாராட்டு மடலில் அதெல்லாம் எதற்கு என்று மேலாளர் தயங்கினார். "அது இல்லேன்னா கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த மடலை நீங்களே மாட்டிக்கோங்க, நான் வாங்க மாட்டேன்" என்று சொன்னது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா இந்த அலுவலகத்துக்கு வந்த காலத்தில் விழிப்புணர்வு என்றால் பேரணி, பலூன், ஓவியப் போட்டி, கையை நீட்டி உறுதிமொழி. தேர்தல் முடிந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு, அடுத்த தேர்தலுக்குத் தூசி தட்டி எடுப்போம். ஊர் முழுக்க வாக்குப்பதிவு ஏறினாலும் பதினேழாம் வார்டு மட்டும் நூற்றுக்கு நாற்பத்தொன்றைத் தாண்டியதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த அக்கா, ஒரு தேர்தலில் கோபத்தோடு ஒரு வாசகம் எழுதினார். 'உறங்கும் வட்டமே, உன் கடமைக்கு விழித்தெழு' என்ற அந்தப் பலகை பதினேழாம் வார்டின் நுழைவிலேயே நின்றது. எழுத்து நடை பிரமாதம் என்று நாங்கள் கைதட்டியதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பலகை நின்றும் எண் அசையவில்லை. அக்காவுக்குத் தூக்கம் கெட்டது. பையில் பட்டியலைப் போட்டுக்கொண்டு தானே கிளம்பிவிட்டார். "ஏன் ஓட்டுப் போடல?" என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், தலைவலி என்பார்கள். அக்கா கேட்டது வேறு. "தேர்தல் அன்னைக்குக் காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க?" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்வார். ஒருவர் பொட்டலத் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர மாலை ஆறரை ஆகும். இன்னொருவரின் மாமியாருக்கு முழங்கால் மடங்காது, வாக்குச்சாவடியோ பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில். சாவடி மாறியது தெரியாமல் பழைய இடத்துக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பதினொரு பேர். இவர்களில் ஒருவர்கூட உறங்கவில்லை.

நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பட்டியல்படி அறுபத்துநான்கு வாக்காளர்கள். அக்கா மாடி மாடியாக ஏறி எண்ணினால் இருபத்தேழு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் வேலை தேடி ஊர் மாறியவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், இறந்து பத்து வருடம் ஆனவர்கள். வார்டு முழுக்கப் பார்த்ததில் ஆயிரம் பெயருக்கு நானூறு பெயர் ஆளில்லாத பெயர். உண்மையில் இருப்பவர்களைக் கணக்கிட்டால் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர் வாக்களித்திருந்தார்கள். உறங்கியது வார்டு இல்லை, நம் அலுவலகம்.

அன்று மதியமே அக்கா ஏணி வாங்கிவந்து, பலகையைத் தன் கையாலேயே கழற்றினார். கழற்றும்போது வேடிக்கை பார்த்தவர்களிடம், "தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். "போகட்டும் விடுங்க மேடம், அந்தப் பலகை நிழல்லதான் நாங்க பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தோம்" என்றார் ஒருவர்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் அக்காவுக்கு அடி சறுக்கியது இதற்கு அடுத்து.

பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. பெயரை நீக்குவதற்கு முறை உண்டு. வீடு பூட்டியிருந்தால் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை போய்ப் பார்த்து, மூன்று தேதிகளையும் படிவத்தில் எழுத வேண்டும். பதினேழாம் வார்டின் கடைசித் தெருவில் துணி தேய்க்கும் கடை ஒன்று உண்டு. முன்னால் கடை, பின்னால் வீடு. அக்கா போனபோது இரண்டும் பூட்டியிருந்தன, கதவிடுக்கில் தூசி படிந்திருந்தது. இனி இங்கே யாரும் இல்லை என்று அக்காவுக்கே உறுதியாகத் தோன்றிவிட்டது. அவர் போனது ஒரு முறை. படிவத்தில் எழுதியது மூன்று தேதிகள்.

தேய்ப்புக் கடை அம்மா மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஐந்து மாதம் கழித்து வந்து கடையைத் திறந்தார். தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கு, தேய்த்த புடவை கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்றார். வாக்களிக்கும் வயது வந்ததிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிடாதவர். சாவடியில் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேரை எடுத்துட்டாங்கம்மா" என்றார்கள். அவர் சண்டை போடவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு வெளியே வந்து, கடைக்குப் போய்விட்டார்.

செய்தி தெரிந்ததும் அக்கா ஓடினார். "தப்பு என்னோடதும்மா. ஒரு தடவை வந்துட்டு மூணு தடவை வந்ததா எழுதிட்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

தேய்ப்புக் கடை அம்மா தேய்ப்புப் பெட்டியை நிறுத்தவில்லை. "அடுத்த வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மேடம். எனக்கு ஒரு ஓட்டு போனது பெரிசில்ல. அத்தனை பேர் முன்னாடி, நான் இந்தத் தெருவுலயே இல்லாதவளாயிட்டேன். இனிமே உங்க பட்டியல்ல என் பேரே வேண்டாம்."

அலுவலகம் திரும்பியதும் அக்கா செய்த முதல் வேலை, பொய்த் தேதி எழுதியதைத் தானே மேலிடத்துக்கு எழுதியது. யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்காது. பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் முணுமுணுத்து நாங்கள் கேட்டதில்லை. அந்த அம்மாவை மட்டும் விடவில்லை. நீக்கிய பெயரைத் திரும்பச் சேர்க்க உரியவரின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காமல் பணி நிறைவு பெறுவதில்லை என்று அக்கா மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். அவருக்கு அப்போது பத்து வருடப் பணி மீதமிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தல் படிவத்தோடு போவார். ஒருமுறை அந்த அம்மா படிவத்தை வாங்கி, தண்ணீர் தெளிக்காமல் பதமாகத் தேய்த்து, இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ரொம்பக் கசங்கியிருந்துச்சு. சுருக்கம் எடுத்துட்டேன், கொண்டு போங்க." கையெழுத்து இல்லை. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் படிவத்தை எங்களிடம் காட்டியபோது, எங்களில் ஒருவர் வாய் தவறி, "நாமளே ஒரு கையெழுத்தைப் போட்டுடலாமேக்கா" என்றார். "ஒரு பொய்த் தேதியால பட்ட பாடே இன்னும் முடியல" என்றார் அக்கா. அதன் பிறகு ஒரு வாரம் அந்த நண்பர் அக்காவின் மேசைப் பக்கமே போகவில்லை.

இந்த வருத்தத்திலிருந்து பிறந்ததுதான் தெருமுனை வாசிப்பு. எந்தப் பெயரையும் நீக்குவதற்கு முன் பட்டியலை அந்தந்தத் தெருவிலேயே நின்று உரக்கப் படிக்க வேண்டும், இருப்பவர்கள் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும், குரல் வராத பெயரைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். முதலில் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போக மாடியிலிருந்து ஒரு குரல், மளிகைக் கடையிலிருந்து ஒரு குரல் என்று தெருவே கூடியது. "இருக்கேன், ஆனா வீட்டுக்காரருக்குப் பயந்துட்டு இருக்கேன்" என்று ஒரு பெண் சொல்ல, அவர் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வாக்குச்சாவடி எங்கே, எத்தனை மணி வரை, என்ன அடையாள அட்டை என்று அங்கேயே சொல்லிவிடுவோம். சாவடி தரைத்தளத்துக்கு இறங்கியது. தொழிற்சாலையில் முறை வைத்து ஆட்களை வெளியே விட்டார்கள். பலூன் மூட்டை பரணை விட்டு இறங்கவே இல்லை.

இத்தனையும் நடந்தது. தேய்ப்புக் கடை அம்மா மட்டும் அசையவில்லை. நடுவில் தேர்தல்கள் வந்து போயின. அந்த நாட்களிலும் அவர் கடையைத் திறந்து வைத்துத் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஒரு நாள், படிவத்தை நீட்டிய அக்காவை அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷமா வந்து கேக்கறீங்களே, நீங்க கடைசியா எப்ப ஓட்டுப் போட்டீங்க?"

அக்கா நீட்டிய படிவத்தை இறக்கிக்கொண்டார். பிறகு, "நான் போட்டதே இல்லம்மா" என்றார்.

உண்மை அதுதான். ஒவ்வொரு தேர்தலிலும் அக்காவுக்கு வெளியிடத்தில் பணி. பணியில் இருப்பவர்கள் தபாலில் வாக்களிக்கத் தனி விண்ணப்பம் உண்டு, அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. ஓட்டுநர், காவலர், ஆசிரியர் என்று ஆள் தேடி விண்ணப்பம் கொடுத்து, நிரப்பி வாங்கி அனுப்புவது அக்காதான். கடைசித் தேதி மாலையில் விண்ணப்பக் கட்டுகளை எண்ணி முத்திரை வைத்த பிறகுதான், தன்னுடையது மேசையிலேயே வெறுமையாகக் கிடப்பதைப் பார்ப்பார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பார். முப்பது வருடத் தேர்தல்கள் இப்படியே போயிருந்தன.

தேய்ப்புக் கடை அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஊருக்குத்தான் உபதேசமா? நல்லா இருக்கே. முதல்ல நீங்க போட்டுட்டு வாங்க. அப்புறம் என் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

நான்கு மாதம் முன்பு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இந்த முறை அக்கா தன் விண்ணப்பத்தைத்தான் முதலில் நிரப்பினார். எங்களில் இருவர் சாட்சியாகக் கூடவே நின்றோம், நம்பிக்கை இல்லாததால். வாக்குச்சீட்டு வந்த அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "இவ்வளவு சின்ன வேலையா இது?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாளே கடைக்குப் போய், "போட்டுட்டேன்" என்றார்.

"யாருக்குப் போட்டீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"என்கிட்ட கூடவா?"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

தேய்ப்புக் கடை அம்மா அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்ப நிஜமாத்தான் போட்டிருக்கீங்க. போடாதவங்களா இருந்தா உடனே ஒரு பேரைச் சொல்லியிருப்பாங்க" என்றார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கொடுங்க அந்தப் படிவத்தை" என்றார். அக்கா கொடுத்த பேனா எழுதவில்லை. அந்த அம்மா உள்ளே போய்த் தன் பேனாவை எடுத்துவந்து கையெழுத்துப் போட்டார்.

நேற்று அக்காவின் கடைசி வேலை நாள். திருத்திய பட்டியலைப் பதினேழாம் வார்டின் கடைசித் தெருவில் வாசிக்கும் முறை. நாங்கள் படிக்கிறோம் என்று சொல்லியும் கேட்காமல் அவரே படித்தார். அறுநூற்று எட்டு, ஒன்பது, பத்து என்று வந்தது. அறுநூற்றுப் பதினோராம் பெயரைப் படித்ததும் தெருவே தேய்ப்புக் கடைப் பக்கம் திரும்பியது. இந்தக் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைக்குள்ளே தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"இருக்கேன்" என்றது அந்தக் குரல். "நீங்க அழாம அடுத்த பேரைப் படிங்கக்கா, அவங்களும் காத்துட்டு இருக்காங்க."

பத்து வருடத்தில் நேற்றுதான் அவர் முதன்முறையாக 'மேடம்' என்பதை விட்டு 'அக்கா' என்றார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறுநூற்றுப் பன்னிரண்டைப் படித்தார்.

பேரன்புக்குரிய அக்காவே, இனி நீங்கள் எந்தத் தேர்தலிலும் பணியில் இருக்க மாட்டீர்கள். அடுத்த தேர்தலில் உங்கள் தெருச் சாவடியில், உங்கள் சொந்தக் காலில் வரிசையில் நின்று வாக்களிப்பீர்கள். அதற்கு அடுத்ததிலும், அதற்கும் அடுத்ததிலும் அப்படியே நிற்க, நோய் நொடியற்ற நீண்ட ஆயுளும் மடங்கத் தெரிந்த முழங்காலும் மாறாத மனநிறைவும் உங்களுக்கு வாய்க்க வேண்டும் என மனமார வாழ்த்துகிறோம். பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் உங்கள் தெருவுக்கே வந்து உரக்கப் படிப்போம். வீட்டுக்குள் இருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும்.

தங்கள் அன்பில் வளர்ந்த,
தேர்தல் அலுவலகத் தோழர்கள், தோழியர்