கானாவாழை நீலம்

பழைய மர அச்சுப் படம் வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்து மயங்குவார்கள். நான் திருப்பிப் போட்டு, அச்சு அழுத்திய தடம் தெரியும் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன். டோக்கியோவில், கான்டா வட்டாரத்தில், முப்பது வருடமாக என் பிழைப்பு அதுதான். நான் ‘முதல் அச்சு’ என்று சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேசியதில்லை. நீங்கள் என் மனைவி சவாயே இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஆய்வாளர் ஐயா. அதற்குத்தான் வருகிறேன்.

வியாபாரிகள் கூடும் ஏலத்தில் நாங்கள் வாயால் விலை கேட்பதில்லை. ஆளுக்கொரு அரக்குக் கிண்ணம் இருக்கும். உள்ளே விலையை எழுதி, ஏலம் நடத்துகிறவர் முன்னால் கவிழ்த்து வீசுவோம். மூன்று வருடங்களுக்கு முன், மழையில் படகேறும் பெண்ணின் படம் ஒன்று வந்தது. ஆற்று நீருக்குக் கானாவாழைப் பூவின் நீலம். அந்த நீலம் வெளிச்சம் பட்டால் சில வருடங்களில் பழுப்பாகிவிடும். இதுவோ பளிச்சென்று இருந்தது. படத்தை அட்டையில் ஒட்டியிருந்ததால் பின்பக்கம் தெரியவில்லை. கண்ணை நம்பி எழுதினேன்.

கிண்ணங்களை நிமிர்த்தியபோது என் விலை மற்றவர்களுடையதைப் போல நான்கு மடங்கு. உஷிகோமே என்ற இளைய வியாபாரி சிரித்தான்.

“என்ன அண்ணே, நேத்து சாயம் போட்ட மாதிரி இருக்கு? ரொம்ப வருஷம் கழிச்சு அடிச்ச மறு அச்சா இருக்கப் போகுது.”

“இருட்டுலயே வளர்ந்த பொண்ணு தம்பி. நிறம் அப்படித்தான் இருக்கும்.”

கூட்டம் என் பக்கம் சிரித்தது.

படத்தை மாடியறையில் மாட்டினேன். வீட்டில் ஈரம் ஏறாத அறை அது ஒன்றுதான். சவாயேயின் படுக்கையும் அங்கேதான் இருந்தது. அவளுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. வெயிலும் காற்றும்தான் மருந்து என்றார் மருத்துவர். படம் பார்க்க வந்த உஷிகோமே, தெற்கு ஜன்னலையும் பார்த்தான்.

“மாடியில நல்ல வெயில் அண்ணே. ஒரு வருஷம் கழிச்சு வர்றேன், உங்க நீலம் எப்படி இருக்குன்னு பாக்க.”

அந்த வாரமே ஜன்னலின் மரப்பலகைகளை மூடி ஆணி அடித்தேன். பெட்டியில் வைத்திருக்கலாமே என்பீர்கள். பெட்டிக்குள் போன படத்தை, ஒளித்துவிட்டான் என்பார்கள். சவாயேயைக் கீழே படுக்க வைத்திருந்தால் ஈரம் அவளைக் கொன்றிருக்கும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

அவள் நல்லவள், சத்தம் போட்டதில்லை.

“ஏங்க, ஒரே ஒரு பலகையைத் திறங்களேன். டோஃபுக்காரர் கொம்பு ஊதுறது கேக்குது. அந்த மனுஷன் முகத்தைப் பாத்தே மாசக்கணக்காச்சு.”

“நீலம் போயிடும் சவாயே.”

“நான் என்ன முள்ளங்கியா, இருட்டு ஜாடிக்குள்ள ஊறப்போட?”

“வசந்தம் வரட்டும், பாக்கலாம்.”

மூன்று வசந்தங்கள் வந்தன. ஒவ்வொரு வருடமும் உஷிகோமே வந்து, விளக்கொளியில் படத்தைப் பார்த்து, தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனான். அவள் இருமும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருத்துவரிடம் நான், பகலெல்லாம் திறந்துதான் வைக்கிறேன் என்று சொன்னேன். பலகை விளிம்பில் நீங்கள் பார்த்த நகக் கீறல்கள் கடைசிக் குளிர்காலத்தவை. நான் கீழே கடையில் இருந்த நேரங்களில் எழுந்து முயன்றிருக்கிறாள். எனக்குக் கேட்டது. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

நூறு வருடம் தாண்டி வந்த ஒரு நிறத்தைக் காப்பதற்காகச் செய்தேன் என்றுதான் அவளுடைய தம்பியிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உஷிகோமே முதல் தடவை வந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போன மறுநாள் காலை, சவாயே கண்ணயர்ந்திருந்தபோது, படத்தின் மூலையில் ஈரப் பஞ்சை ஒற்றினேன். கானாவாழை நீலம் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கரைந்துவிடும். அது கரையவில்லை. அது பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த சாயம், மறு அச்சு. எத்தனை வருடம் வெயிலில் கிடந்தாலும் மங்காது. திறந்த ஜன்னலுக்கு எதிரே அது ஒரு வருடம் மங்காமல் இருந்தால், கான்டா முழுவதும் சிரிக்கும்.

பிறகு கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்தேன்.